பஃபலோ பில் உண்மையில் எந்தத் துப்பாக்கியைத் தூக்கித் திரிந்தார்?

வாசகர் கேள்வி, 4 ஜனவரி

மேற்கத்தியப் படங்களில் அமெரிக்க ராணுவத்தின் ஸ்கவுட்டாக, அதாவது படைக்கு வழியும் தடமும் பார்த்துச் சொல்பவராக, வருகிறவர் எல்லாருக்கும் இடுப்பில் கோல்ட் கைத்துப்பாக்கி, கையில் வின்செஸ்டர் ரைஃபிள். பஃபலோ பில் கோடியும் வின்செஸ்டரை வைத்துத்தான் நாலாயிரம் காட்டெருமைகளைச் சுட்டார் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். இது சரியா?

4 ஜனவரி, இரவு 9.40

சரியில்லை. பஃபலோ பில் என்று பெயர் வாங்கிய வில்லியம் கோடி கூலிக்குக் காட்டெருமை சுட்டது 1867, 68ஆம் ஆண்டுகளில். உங்கள் நண்பர் மனத்தில் இருக்கும் வின்செஸ்டர் 1873இல் வந்த மாடல். பிறக்காத பிள்ளைக்கு மொட்டை போட முடியாது.

அவர் கையில் இருந்தது ஸ்ப்ரிங்ஃபீல்டு ராணுவத் தொழிற்சாலையில் 1866இல் மாற்றியமைத்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. ஒரு முறை சுட்டதும் மூடியைத் திறந்து, வெற்றுக் கூட்டைத் தள்ளிவிட்டு, அடுத்த தோட்டாவைக் கையால் வைக்க வேண்டும். அதற்கு அவர் லுக்ரீஷியா போர்ஜியா என்று பெயர் வைத்திருந்தார். ராணுவ ஸ்கவுட் என்றால் ராணுவம் கொடுத்த துப்பாக்கி. கேள்வி இத்தோடு முடிந்தது.

4 ஜனவரி, இரவு 11.55

முடியவில்லை. படுத்தும் தூக்கம் வரவில்லை.

நான் டென்வர் பக்கம் குடியேறிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இரண்டு கோடைக்கு முன்பு குடும்பத்தோடு வயோமிங் மாநிலத்துக்குப் போனபோது, கோடி என்று அவர் பெயரையே தாங்கிய ஊரில் இருக்கும் பஃபலோ பில் அருங்காட்சியகத்தில் லுக்ரீஷியாவைப் பார்த்தேன். பளபளக்கும் துப்பாக்கியை எதிர்பார்த்துப் போயிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தது குழாயும் விசைப் பகுதியும் மட்டும்தான். தோளில் வைத்து அணைக்கும் மரக்கட்டை இல்லை. முதலில் இரும்புக்கடையில் மூலையில் சாத்தி வைத்த குழாய் என்றே தோன்றியது. அருகில் போய்ப் பார்த்தால் குழாயின் பின்முனையில் அந்தச் சிறிய இரும்பு மூடி. அதைத்தான் அவர் ஓடுகிற குதிரைமேல் ஆயிரக்கணக்கான முறை பெருவிரலால் தள்ளித் திறந்திருக்கிறார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். பிள்ளைகள் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

6 ஜனவரி

மூடி எப்படி வேலை செய்யும் என்று கேட்டிருக்கிறீர்கள். வெற்றிலைச் செல்லத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மூடிக்குக் கீல் பின்பக்கம் இருக்கும். இந்தத் துப்பாக்கியில் கீல் முன்பக்கம், அதாவது குழாயின் வாய் இருக்கும் திசையில். பின்புறம் இருக்கும் தாழை விடுவித்து மூடியைத் தூக்கினால் அது முன்னோக்கி மடியும். தோட்டாவை உள்ளே வைத்து மூடினால் தாழ் தானாக விழும். பிறகு பக்கவாட்டில் இருக்கும் குதிரையை, அதாவது சுத்தியல் போல அடிக்கும் பகுதியை, இழுத்து நிறுத்திச் சுட வேண்டும். அந்தக் குதிரை மூடிக்குள் சாய்வாக ஓடும் ஒரு நீளமான ஊசியை அடிக்கும். ஊசி தோட்டாவின் அடியைக் குத்தும்.

இதைச் செய்தவர் எர்ஸ்கின் ஆலின். ஸ்ப்ரிங்ஃபீல்டு தொழிற்சாலையின் தலைமை ஆயுதத் தச்சர். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது, குழாயின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும், அதாவது வெடிமருந்தை இடித்து நிரப்பும், மஸ்கெட் துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் குவிந்து கிடந்தன. உலகம் தோட்டாவுக்கு மாறிக்கொண்டிருந்தது. புதிதாகச் செய்யக் காசு இல்லை, பழையதை எறியவும் மனமில்லை. குழாயின் பின்பக்கத்தை மேலே வெட்டித் திறந்து மூடி போட்டார், துளையைப் பெருக்கினார், வேலை முடிந்தது. பழைய வேட்டியில் தலையணை உறை தைக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

7 ஜனவரி

கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் பிடித்துவிட்டார். பழைய மஸ்கெட்டின் துளை .58 அங்குலம், மாற்றிய துப்பாக்கி .50. பெருக்கினால் எப்படிச் சிறியதாகும் என்று கேட்கிறார். அவர் சொல்வது சரி; நான் பாதியை எழுதி மீதியை விட்டுவிட்டேன்.

துளையை முதலில் பெருக்கியது உண்மை. பிறகு அதற்குள் இன்னொரு குழாயைச் செருகிப் பற்றவைத்தார்கள். உள்குழாயின் துளைதான் .50, மில்லிமீட்டரில் 12.7. தேய்ந்த என்ஜின் சிலிண்டருக்கு உங்கள் பட்டறையில் ஸ்லீவ் போடுகிறீர்களே, அதே வேலை. 1865இல் செய்த முதல் மாற்றத்தில் உள்குழாய் கிடையாது. துளை .58 ஆகவே இருந்தது, குண்டும் மருந்தும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அடுத்த ஆண்டு ஸ்லீவ் போட்டதும்தான் துப்பாக்கி துப்பாக்கியானது. ஏறத்தாழ 25,000 இப்படி மாற்றினார்கள். 1867 ஆகஸ்டு 2 அன்று வயோமிங்கில், வண்டிப் பெட்டிகளை வட்டமாக வைத்துக்கொண்டு ஒரு சிறு படைப்பிரிவு லகோட்டா பழங்குடி வீரர்களின் பெருங்கூட்டத்தைத் தாக்குப்பிடித்ததற்கு, புதிதாக வந்து இறங்கியிருந்த இந்தத் துப்பாக்கிகளே பெரிய காரணம். சுட்டதும் எதிரி மறுபடி கெட்டிப்பதற்கு இடைவெளி விடுவான் என்று பழகியிருந்தவர்களுக்கு அந்த இடைவெளி கிடைக்கவில்லை.

7 ஜனவரி, மாலை

"கெட்டிப்பது" என்ற சொல்லைக் கேட்டே நாளாகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அது தாய்மாமனிடமிருந்து வந்த சொல். கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் தோட்டம். மலையிலிருந்து பன்றி இறங்கும். தோட்டக் காவலுக்கு உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். கருமருந்து, மேலே தேங்காய் நார், அதன்மேல் ரவை என்கிற சிறு ஈயக் குண்டுகள், மறுபடி நார், கெஜக்கோலால் இடி, பிறகு அடித்தால் தீப்பொறி தரும் கேப். நிதானமாகச் செய்தால் ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் பிடிக்கும். நின்றுகொண்டுதான் செய்ய முடியும். இதைக் குதிரைமேல் ஓடிக்கொண்டே செய்வதை நினைத்துப் பாருங்கள். ஆலின் போட்ட மூடியின் அருமை அப்போது தெரியும்.

8 ஜனவரி

"ஊசித் துப்பாக்கி" என்று கோடியே தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார், அப்படியானால் அது பிரஷ்ய ராணுவத்தின் டிரைசே துப்பாக்கிதான் என்று ஒரு வாதம் வந்திருக்கிறது. வாதம் நன்றாக இருக்கிறது, முடிவு தவறு. டிரைசேயில் ஊசி காகிதத் தோட்டாவைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். சமவெளியில் இருந்தவர்கள் ஸ்ப்ரிங்ஃபீல்டின் அந்த நீளமான ஊசியைப் பார்த்து இதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். வாயில் வந்த பெயர் நிலைத்தது. எங்கள் ஊரில் எந்த நிறுவனத்தின் மண்வாரி இயந்திரம் வந்தாலும் ஜேசிபிதான்.

10 ஜனவரி

இன்று அவர் இறந்த நாள். 1917, டென்வரில், வயது எழுபது. லுக்அவுட் மலைமேல் இருக்கும் கல்லறைக்கு மத்தியானம் போய்வந்தேன். காற்று முகத்தை அறுத்தது. கீழே சமவெளி கிழக்கு நோக்கிக் கான்சஸ் வரைக்கும் படுத்துக் கிடப்பது போல இருந்தது. அங்கே நிற்கும்போது முதல் நாள் எழுதியதில் ஒரு பெரிய பிழை இருப்பது உறைத்தது.

"ராணுவ ஸ்கவுட் என்றால் ராணுவம் கொடுத்த துப்பாக்கி" என்று எழுதினேன். லுக்ரீஷியா அரசாங்கத்திடமிருந்து கிடைத்தது என்று கோடி சொல்வது உண்மைதான். ஆனால் அவள் பெயர் வாங்கிய காலத்தில் அவர் ஸ்கவுட்டே இல்லை. கான்சஸ் பசிபிக் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்குச் சாப்பாடு போட்ட ஒப்பந்தக்காரர்கள் கோடர்டு சகோதரர்கள். அவர்களுக்கு நாளைக்குப் பன்னிரண்டு காட்டெருமைகள் வேண்டும், சம்பளம் மாதம் 500 டாலர். அதுதான் அவர் வேலை. ராணுவத்துக்கு ஸ்கவுட்டாகப் போனபோது, 1868இல், சம்பளம் மாதம் 75 டாலராக இறங்கியது.

அப்போதும் அவர் சிப்பாய் இல்லை. ராணுவ வழங்கல் துறையின் கூலிக் கணக்கில் இருந்த குடிமகன். 1872 ஏப்ரலில் நெப்ராஸ்காவில் நடந்த ஒரு மோதலுக்காக அவருக்கு நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. படையினர் அல்லாதவருக்குச் செல்லாது என்று 1917இல் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். 1989இல், அவரையும் வேறு நான்கு ஸ்கவுட்டுகளையும் சேர்த்து, திரும்பக் கொடுத்தார்கள். எழுபத்திரண்டு ஆண்டுகள். ஒரு மனிதன் படையைச் சேர்ந்தவனா இல்லையா என்றே முடிவு செய்ய முடியாத இடத்தில், அவன் துப்பாக்கி படையுடையதா என்று நான் ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கக் கூடாது.

11 ஜனவரி

"ஸ்கவுட்" என்பதற்குத் தமிழில் சாரணர் என்று எழுதக் கூடாதா, ஏன் இந்த ஆங்கிலம் என்கிறார் ஒருவர். எழுதலாம். பழந்தமிழில் சாரணர் என்றால் ஒற்றர்தான். இன்று கழுத்தில் துணி கட்டிய பள்ளிப் பிள்ளைகள் கண்முன் வந்துவிடுவார்கள் என்றுதான் தயங்கினேன். இனிச் சாரணர் என்றே எழுதுகிறேன். நல்ல சொல்லைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவைக்க வேண்டியதில்லை.

14 ஜனவரி

பொங்கல் வைத்து முடித்து உட்கார்ந்திருக்கிறேன். ஹென்றி, வின்செஸ்டர் போன்று ஒரே நேரத்தில் பல தோட்டாக்கள் அடங்கும் துப்பாக்கிகள் இருக்கும்போது ஒற்றைத் தோட்டாவை ஏன் பிடித்துக்கொண்டு தொங்கினார் என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த இழையில் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான்.

எடைக் கணக்கு போடுவோம். லுக்ரீஷியாவின் குண்டு 450 கிரெயின், அதாவது 29 கிராம். மூன்றரைச் சவரனுக்கும் மேல். ஹென்றியின் குண்டு 216 கிரெயின், 14 கிராம், இரண்டு சவரனுக்கும் குறைவு. மருந்திலும் அப்படித்தான்: லுக்ரீஷியாவுக்கு 70 கிரெயின், ஹென்றிக்கு முப்பதைத் தொடாது. ஹென்றியில் 16 தோட்டாக்கள் வரிசையாக உள்ளே உட்காரும். ஆனால் ஒரு டன் எடையுள்ள மிருகம் ஓடும்போது அதன் விலாவுக்குள் போய்ச் சேர வேண்டியது எண்ணிக்கை இல்லை, எடை.

கோட்டை வாலஸில் பணியாற்றிய பில்லி காம்ஸ்டாக் என்ற சாரணரோடு நடந்த பந்தயத்தைக் கோடி விவரமாகச் சொல்கிறார். எட்டு மணி நேரம், பந்தயப் பணம் 500 டாலர். காம்ஸ்டாக் கையில் ஹென்றி. முடிவில் கோடி 69, காம்ஸ்டாக் 46. அவனால் என்னைவிட வேகமாகச் சில குண்டுகள் சுட முடியும், ஆனால் அவன் துப்பாக்கியில் வேலையை முடிக்கும் அளவுக்கு மருந்தும் ஈயமும் இல்லை என்பது கோடியின் கணிப்பு.

துப்பாக்கியைவிட முறைதான் ஜெயித்தது என்பேன். காம்ஸ்டாக் மந்தையின் பின்னால் துரத்திக்கொண்டே சுட்டார். அவர் வீழ்த்தியவை மூன்று மைல் தூரத்துக்குச் சிதறிக் கிடந்தன. கோடி, பிரிகம் என்ற தன் குதிரையை மந்தையின் தலைமாட்டுக்கு விரட்டி, முன்னால் ஓடுவதை முதலில் வீழ்த்துவார். பின்னால் வருபவை இடப்பக்கம் திரும்பும். மறுபடி முன்னால் ஓடுவதை. கொஞ்ச நேரத்தில், களத்தில் பிணையல் மாடுகள் சுற்றுவது போல, மொத்த மந்தையும் வட்டமடிக்கத் தொடங்கும். அவர் உள்வட்டத்தில் பக்கத்திலேயே இருந்து ஒவ்வொன்றாகச் சுடுவார். ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூடியைத் திறந்து மூட நேரம் கிடைக்கும். மந்தைதான் எங்கும் போகவில்லையே.

15 ஜனவரி

பெயர் பற்றி. லுக்ரீஷியா போர்ஜியா 1480 முதல் 1519 வரை வாழ்ந்த இத்தாலியப் பிரபுகுலப் பெண், போப்பாண்டவர் ஒருவரின் மகள். பத்தொன்பதாம் நூற்றாண்டு நாடகமும் இசைநாடகமும் அவரை அழகான கொலைகாரியாக, விஷம் வைப்பவராக ஆக்கிவிட்டன. உண்மையில் ஃபெராராவின் சீமாட்டியாக ஆட்சிப் பொறுப்புகளைத் திறமையாகக் கவனித்தவர். யாருக்கும் விஷம் வைத்ததற்குச் சான்று இல்லை. கான்சஸ் புல்வெளியில் ஒரு வேட்டைக்காரன் துப்பாக்கிக்கு வைக்கும் அளவுக்கு அந்த அவதூறு பரவியிருந்தது என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

19 ஜனவரி

4,280 என்ற எண்ணைப் பலர் எடுத்துப் பேசுகிறீர்கள். கோடி சொன்னது: பதினெட்டு மாதத்துக்குள் 4,280. நாளைக்குப் பன்னிரண்டு வீதம் பதினெட்டு மாதம் சுட்டிருந்தால் ஆறாயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். 4,280ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 357 நாள்கள். ஒரு நாள் விடாமல் ஓர் ஆண்டு. அவர் அந்த வேலையில் இருந்தது எட்டு மாதம்தான் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் ஏறத்தாழ 2,900. நான் இந்தச் சிறிய எண்ணை நம்புகிறேன். அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். வயதான பிறகு பழைய கதை சொல்லும்போது என் மாமன் சுட்ட பன்றிகளும் கூடிக்கொண்டேதான் போயின.

23 ஜனவரி

சாரணரின் உண்மையான வேலை என்ன என்று யாருமே கேட்கவில்லை. எல்லோருக்கும் துப்பாக்கி வேண்டும். அந்த வேலையில் தடம் பார்ப்பது, தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்திருப்பது, இருட்டில் கடிதம் கொண்டுபோவது, இவைதான் முக்கால்வாசி. 1868இல் கோடி லார்னட், ஹேய்ஸ், டாட்ஜ் கோட்டைகளுக்கு இடையே அவசரச் செய்திகளோடு அறுபது மணி நேரத்துக்குள் 350 மைல் சவாரி செய்தார். நம் கணக்கில் 560 கிலோமீட்டர். வேறு ஆட்கள் போகத் தயங்கிய வழி. தளபதி ஷெரிடன் இதைத் தன் நினைவுக் குறிப்பிலேயே வியந்து எழுதியிருக்கிறார். இந்தச் சவாரிக்காகத்தான் கோடியை 5ஆம் குதிரைப்படையின் தலைமைச் சாரணர் ஆக்கினார். எத்தனை பேரைச் சுட்டார் என்பதற்காக இல்லை.

அந்தச் சவாரியில் துப்பாக்கி வெடித்த கதை ஒன்றை அவரே சொல்கிறார். டாட்ஜிலிருந்து லார்னட்டுக்குக் கொடுத்தது கோவேறு கழுதை. வழியில் கூன் ஓடையில் தண்ணீர் குடிக்க இறங்கினார். கழுதை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஓடியும் போகவில்லை, பிடிபடவும் இல்லை. அவர் நடந்தால் அதுவும் நடக்கும், ஓடினால் அதுவும் ஓடும். இரவு முழுக்க, 35 மைல், கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டே இருந்தது. பொழுது விடிந்து கோட்டை கண்ணில் பட்டதும் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கழுதையைச் சுட்டார். சத்தம் கேட்டுக் கோட்டைச் சிப்பாய்கள் ஓடி வந்தார்கள். அந்தப் பெரும்பயணத்தில் அவர் சுட்டதாக நினைவில் வைத்துச் சொல்வது இந்தக் கழுதையைத்தான். பாவம், அது திரும்பிப் போகும் வழியைச் சரியாகத்தான் காட்டியது.

24 ஜனவரி

கோடியின் கைத்துப்பாக்கி கோல்ட் இல்லை, ரெமிங்டன்தானே என்று கேட்ட தம்பிக்கு: ஆம், ரெமிங்டன். .44 நியூ மாடல் ஆர்மி, ஆறு அறை, தோட்டா இல்லாமல் மருந்தும் குண்டும் கேப்பும் தனித்தனியாகக் கெட்டிப்பது. உருளைக்கு மேலே ஒரு இரும்புப் பாலம் ஓடுவதால் சட்டம் உறுதி. கோல்ட்டில் உருளையை எடுக்கக் குழாயையே கழற்ற வேண்டும். ரெமிங்டனில் ஒரு ஊசியை முன்னால் இழுத்தால் உருளை கையில் வந்து விழும். முன்கூட்டியே கெட்டித்த இன்னொரு உருளை பையில் இருந்தால் அரை நிமிடத்தில் மறுபடி தயார். கோடி தன் கைத்துப்பாக்கியை 1906இல் பண்ணை மேலாளரிடம் கொடுத்தபோது ஒரு சீட்டும் எழுதி வைத்தார்: "இது என்னை ஒருபோதும் கைவிட்டதில்லை." அந்தத் துப்பாக்கி 2012இல் 2,39,000 டாலருக்கு ஏலம் போனது.

கைத்துப்பாக்கியால் காட்டெருமையைச் சுடலாமா என்பதற்கு நல்ல பதில் 1872 ஜனவரி வேட்டையில் இருக்கிறது. ரஷ்ய இளவரசர் அலெக்ஸிஸ் நெப்ராஸ்காவுக்கு வந்திருந்தார், கோடி கூடப் போனார். இளவரசர் தன் கைத்துப்பாக்கியால் இருபதடி தூரத்திலிருந்து ஆறு குண்டுகள் சுட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கோடி தன்னுடையதைக் கொடுத்தார். இன்னும் ஆறு. எருமை ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் கோடி பக்கத்தில் குதிரையை விட்டு லுக்ரீஷியாவைக் கையில் திணித்து, பத்தடிக்குள் நெருங்குங்கள், அப்புறம் சுடுங்கள் என்றார். ஒரே குண்டு. பன்னிரண்டு குண்டுகளுக்குப் பிறகு ஒரு குண்டு.

31 ஜனவரி

அப்படியானால் 1875 வின்செஸ்டர் விலைப்பட்டியலில் வந்த கோடியின் கடிதம் என்ன கணக்கு என்று ஒருவர் கேட்கிறார். நல்ல பிடி. அதில் கோடி, அமெரிக்காவில் செய்யும் ஏறக்குறைய எல்லாத் துப்பாக்கிகளையும் பயன்படுத்திப் பார்த்தேன், உங்கள் புதிய வின்செஸ்டர்தான் எல்லாவற்றுக்கும் தலைவன் என்று எழுதியிருக்கிறார். பிளாக் ஹில்ஸில் காயம்பட்ட கரடி முப்பதடிக்குள்ளிருந்து பாய்ந்ததாம். அது தன்னை எட்டுவதற்குள் பதினொரு குண்டுகளை அதற்குள் இறக்கிவிட்டாராம்.

விளம்பரக் கடிதம் என்பதை மறக்க வேண்டாம். இருந்தும் நான் அதை ஒதுக்க மாட்டேன். வின்செஸ்டர் .44 குண்டு 200 கிரெயின், 13 கிராம். பதினொன்று சேர்ந்தால் 143 கிராம், லுக்ரீஷியாவின் குண்டுகள் ஐந்துக்குச் சமம். முப்பதடியில் கரடி வரும்போது ஐந்து முறை மூடியைத் திறந்து மூட முடியாது. மந்தை தானாக வட்டமடிக்கும் இடத்தில் கனமான ஒற்றைக் குண்டு, தன்னை நோக்கி ஒன்று பாயும் இடத்தில் வரிசையாகச் சின்னக் குண்டுகள். "அவருடைய துப்பாக்கி எது" என்ற கேள்வியில் ஒருமை இருப்பதுதான் சிக்கல். அன்றைக்கு என்ன வேலை என்று கேட்டால் பதில் வந்துவிடுகிறது.

2 பிப்ரவரி

கோடி பின்னாளில் நடத்திய "வைல்டு வெஸ்ட்" சாகசக் காட்சியில் அவர் சுட்டது ரவைத் தோட்டா, எனவே எல்லாமே மோசடி என்பவருக்கு. 1883இல் தொடங்கிய காட்சியில் கண்ணாடி உருண்டைகளை உடைக்க அவர் பயன்படுத்தியது குழாயின் உள்ளே சுழல்வரிகள் இல்லாத வின்செஸ்டர், தோட்டாவுக்குள் பொடி ரவை. உண்மை. ஆயிரக்கணக்கானவர் சுற்றி உட்கார்ந்திருக்கும் திடலில் முழுக் குண்டு சுட்டால் அது எங்கே போய் விழும்? ரவை கொஞ்ச தூரத்திலேயே வலுவிழந்துவிடும். அதுவும் பாய்ந்து ஓடும் குதிரைமேல் இருந்துகொண்டு, பக்கத்தில் இன்னொரு குதிரைக்காரன் எறிகிற உருண்டையை உடைக்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் மோசடி என்று சொல்ல மாட்டார்கள்.

9 பிப்ரவரி

இதை எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

1876 ஜூலை 17, நெப்ராஸ்காவில் வார்போனட் ஓடை. ராணுவ அதிகாரி கஸ்டரும் அவரோடு நின்ற படையினரும் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் அழிந்து மூன்று வாரம். 5ஆம் குதிரைப்படை, அரசு ஒதுக்கிய குடியிருப்பை விட்டு வடக்கே போய்க்கொண்டிருந்த செயென் பழங்குடி மக்களை மறித்து நின்றது. இரண்டு தபால்காரச் சிப்பாய்களைத் துரத்தி வந்த சிறு செயென் கூட்டத்தை இடைமறிக்கக் கோடியும் சிலரும் கீழே பாய்ந்தார்கள். ஒரு செயென் இளைஞரின் குதிரை குண்டடிபட்டு விழுந்தது. கோடியின் குதிரை பள்ளத்தில் கால் இடறியது. அடுத்த குண்டில் அந்த இளைஞர் விழுந்தார். கோடி அவர் தலைத்தோலை அறுத்தெடுத்தார்.

நாடகங்களிலும் நடித்துவந்த கோடி அன்று அணிந்திருந்தது மேடைக்காகத் தைத்த உடை. கறுப்பு வெல்வெட், சிவப்புப் பட்டை, வெள்ளிப் பொத்தான்கள். அடுத்த நாடகப் பருவத்திலேயே இதை மேடையில் நடித்துக் காட்டினார். இறந்தவரின் பெயர் ஹே-ஓ-வெய், மஞ்சள் முடி என்று பொருள். அதைக்கூடத் தவறாக மொழிபெயர்த்து "மஞ்சள் கை" என்று பல ஆண்டுகள் எழுதினார்கள். இத்தனை நாள் குண்டின் எடையைச் சவரனில் நிறுத்துப் பேசிக்கொண்டிருந்த நான் இந்தப் பெயரைச் சொல்லாமல் இழையை விட்டுப் போனால் அது அநியாயம்.

17 பிப்ரவரி

கட்டை இல்லாமல் கிடக்கும் லுக்ரீஷியா ஏன் உங்களை இவ்வளவு பாதித்தாள் என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். யோசித்தேன்.

மாமன் துப்பாக்கியைத் தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை ஒப்படைத்துத் திரும்ப வாங்கியபோது நான் கூடப் போயிருந்தேன். கட்டை கழுத்தோடு பிளந்திருந்தது, குழாய்க்குள் துரு. எப்படி ஆனது என்று கேட்டார். கையெழுத்துப் போட்டு எடுத்துப் போங்கள் என்று மட்டும் பதில் வந்தது. பஸ்ஸில் வரும்போது மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, பிளந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார். பிறகு ஊர்த் தச்சரிடம் பூவரசங்கட்டை ஒன்றைக் கொடுத்துச் செதுக்கச் சொன்னார். தச்சர் அவர் தோளை அளந்து, கன்னம் படியும் இடத்தை இரண்டு முறை இழைத்தார். துப்பாக்கியில் ஆளுக்குரிய பகுதி அது மட்டும்தான் என்று அப்போது தெரிந்தது. குழாய் தொழிற்சாலையுடையது; தோளும் கன்னமும் படிகிற மரம் ஆளுடையது. வயோமிங்கில் கண்ணாடிக்குள் இல்லாமல் போயிருந்தது அந்தப் பகுதிதான்.

26 பிப்ரவரி

கோடி பிறந்த நாள், 1846. மாமனுக்கு வயது எண்பத்து மூன்று. காலையில் போனில் இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். மூடி, ஊசி, ஸ்லீவ், பன்னிரண்டு எருமை. இடையில் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளைக்குப் பன்னிரண்டா? எத்தனை பேர் சாப்பிட்டார்கள் மாப்பிள்ளை?"

"ஆயிரத்து இருநூறு தொழிலாளர்கள் மாமா. பின்னந்தொடையும் திமிலும் மட்டும்தான் எடுத்துக்கொண்டு போவார்கள்."

"மீதி?"

"அங்கேயே விட்டுவிட்டார்கள்."

ஒரு பன்றி விழுந்தால் தெருவுக்கே பங்கு பிரித்துக் கொடுத்த மனிதர். கொஞ்ச நேரம் போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, அங்கே குளிர் எப்படி இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காது மூடுகிற தொப்பி வாங்கினாயா என்று கேட்டார்.